ஒரே காலண்டரில் இரண்டு கணக்கு: கடலூர்த் தம்பதி ஒருவரின் கருவள நாட்கள்

மனைவிக்கு வயது 28, கணவருக்கு 33. கல்யாணமாகி மூன்றாவது வருடம். பதினான்கு மாதமாகக் குழந்தைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு கடலூர்க் கடற்கரையோரக் குப்பம் ஒன்றில். கணவர் முதுநகர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகில் வேலை பார்க்கிறார். ஒரு தடவை போனால் ஆறேழு நாள் கடலிலேயே தங்கிவிட்டுத்தான் வருவார். மனைவியும் மாமியாரும் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார்கள். இதற்கு முன் கர்ப்பம் தரித்ததில்லை, கலைந்ததும் இல்லை. இருவரின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் மஞ்சக்குப்பத்தில் நான் பார்க்கும் கிளினிக்குக்கு வந்தார்கள். மாமியாரும் கூடவே வந்திருந்தார். பெரும்பாலும் அவர்தான் பேசினார்.

ஃபைலில் இருந்தது

கையில் ஒரு தடித்த ஃபைல். வேறு ஓர் இடத்தில் போன வருடம் எடுத்த ஸ்கேனில் ஒரு சினைப்பையில் சிறுசிறு கருமுட்டைப் பைகள் நிறைய இருப்பதாக எழுதி, பக்கத்தில் ‘பிசிஓடி’ என்று குறித்திருந்தார்கள். வீட்டில் அது ‘நீர்க்கட்டி’ ஆகிவிட்டது. தைராய்டு, புரொலாக்டின் ஹார்மோன் அளவு இரண்டும் சரியாக இருந்தன. கணவரின் விந்துப் பரிசோதனையிலும் எண்ணிக்கை, அசைவு இரண்டும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கீழ் எல்லையை (மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, அசைவு 42 சதவீதம்) நன்றாகவே தாண்டியிருந்தன. கடைசித் தாள் நவம்பர் 8-ஆம் தேதி எடுத்த இரத்தப் பரிசோதனை: 21-ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன், 0.8 நானோகிராம். அதற்குக் கீழே, ‘முட்டை வெளியாகவில்லை’.

அந்த ஒரு வரி வீட்டில் என்ன பாடுபடுத்தியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. “இவளுக்கு முட்டையே வெடிக்கலைன்னு சொல்லிட்டாங்க டாக்டரம்மா” என்றுதான் மாமியார் ஆரம்பித்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டார்.

பரிசோதித்துப் பார்த்தேன். எடை அளவாக இருந்தது. முகத்தில் தேவையில்லாத ரோமம் இல்லை, பரு இல்லை. இருபதுகளில் இருக்கும் பெண்களுக்கு ஸ்கேனில் சிறு பைகள் நிறையத் தெரிவது சாதாரணம். அதை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட முடியாது. 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இந்தக் கோளாறுக்கு (பிசிஓஎஸ்) வகுத்த வரையறைப்படி மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: ஒழுங்கற்ற அல்லது அரிதான மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் அந்தத் தோற்றம். இவருக்கு மூன்றாவது மட்டும் தெளிவாக இருந்தது, முதலாவது எல்லைக்கோட்டில். சினை வளர மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள், அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்க வேண்டாம் என்றேன். என்னை உறுத்தியது இரத்தம் எடுத்த தேதி.

“நவம்பர்ல எடுத்தாங்களே, அதுக்கப்புறம் எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?”

“நவம்பர் கடைசில மேடம். தேதி காலண்டர்ல இருக்கு.”

அடுத்த நாள் வரும்போது காலண்டரையே எடுத்து வரச் சொன்னேன்.

காலண்டர்

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். மேசையில் விரித்ததும் ஓரங்கள் திரும்பத் திரும்பச் சுருண்டன; இரண்டு பக்கமும் பேப்பர்வெயிட் வைக்க வேண்டியிருந்தது. நீலப் பேனாவில் சில தேதிகளைச் சுற்றி வட்டம். சிவப்புப் பேனாவில் வேறு சில தேதிகளில் ‘போ’, ‘வ’. வட்டம் மாமியார் போட்டது. ‘போ’ என்றால் படகு போன நாள், ‘வ’ வந்த நாள். பங்குக் காசைக் கணக்குப் பார்ப்பதற்காகக் கணவர் எழுதியது.

வட்டம் எந்த நாளைக் குறிக்கிறது என்று கேட்டேன். தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளாம். அந்த வீட்டில் அது எப்போதும் ஐந்தாம் நாள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் போவதற்கு அதுதான் கணக்கு. சரி, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் நான்கு நாள் பின்னால் போனால் இரத்தப்போக்கு தொடங்கிய தேதி கிடைத்துவிடும்: ஜூலை 8, ஆகஸ்ட் 10, செப்டம்பர் 15, அக்டோபர் 19, நவம்பர் 26, டிசம்பர் 31. நடப்பு மாதத்துக்கு பிப்ரவரி 3. இடைவெளிகள் 33, 36, 34, 38, 35, 34 நாட்கள்.

நவம்பர் 8 இரத்தப் பரிசோதனை அக்டோபர் 19-இல் தொடங்கிய மாதவிடாய்ச் சுழற்சியில் 21-ஆம் நாள். அந்தச் சுழற்சி 38 நாள் ஓடியது. முட்டை வெளியானதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடையே ஏறத்தாழ 14 நாள் இருக்கும். அப்படிப் பார்த்தால் அந்த மாதம் முட்டை வெளியானது 24-ஆம் நாள் வாக்கில், நவம்பர் 11. இரத்தம் எடுத்தது அதற்கு மூன்று நாள் முன்பு. புரொஜெஸ்டிரோன் முட்டை வெளியான பிறகுதான் ஏறும். நவம்பர் 8-இல் 0.8 இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருக்க வேண்டியதுதான் இருந்தது.

21-ஆம் நாள் சோதனை என்ற பெயர் 28 நாள் சுழற்சிக்காக வந்தது. அதன் உள்ளர்த்தம், அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டும் என்பது. 35 நாள் சுழற்சிக்கு அது 28-ஆம் நாள். லேபில் சீட்டைப் பார்த்து ஊசி போடுகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சீட்டு எழுதுகிறவர்தான் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் எண்ணுவது

செல்போனில் ஓர் ஆப் வைத்திருந்தார். போட்ட அன்று சுழற்சி எத்தனை நாள் என்று அது கேட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே 28 என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆப் ஒவ்வொரு மாதமும் 10 முதல் 15 வரையுள்ள நாட்களைக் கலர் அடித்துக் காட்டியது, மீதி நாட்களுக்கு ‘வாய்ப்புக் குறைவு’ என்றது.

இதில் பலரும் இடறுகிறார்கள், படித்தவர்களும்தான். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து முன்னோக்கி எண்ணி ‘பதினாலாம் நாள்’ என்று நிறுத்துகிறார்கள். சுழற்சியில் நீள்வதும் சுருங்குவதும் முன்பாதி. சினைப்பையில் ஒரு பை தலையெடுத்து வளர்ந்து முட்டையை வெளிவிடுவதற்கு ஒருத்திக்குப் பன்னிரண்டு நாள் ஆகலாம், இன்னொருத்திக்கு இருபத்துநான்கு. அவளுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். முட்டை வெளியான பிறகு அந்த இடத்தில் உருவாகும் மஞ்சள்நிறத் திசு புரொஜெஸ்டிரோன் சுரந்து, இரண்டு வாரம் போலத் தாக்குப்பிடித்து அடங்கும். கரு தங்காவிட்டால் இரத்தப்போக்கு. இந்தப் பின்பாதி மூன்று நான்கு நாள் முன்பின் ஆனாலும் அவ்வளவாக மாறாது. ஆகவே எண்ண வேண்டியது அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி. ஜப்பானில் ஓகினோ 1920-களில் சொன்னதும் இதுதான்: அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்பு முட்டை வெளியாகிறது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஆஸ்திரியாவில் கினாஸும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

அடுத்த மாதவிடாய் எப்போது வரும் என்பது முன்கூட்டித் தெரியாதே என்றால், ஆமாம், தெரியாது. அதனால்தான் பழைய தேதிகள் வேண்டும். முட்டை வெளியே வந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். விந்தணு, கருப்பைவாய்த் திரவம் சாதகமாக இருந்தால் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். இரண்டையும் கூட்டினால் முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாள்தான் கரு தரிக்கக்கூடிய காலம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியான ஆய்வில் கருத்தரிப்புகள் எல்லாமே இந்த ஆறு நாளுக்குள்தான் விழுந்தன. ஐந்து நாள் முன்பு உறவு கொண்டால் பத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு, முட்டை வெளியாகும் நாளில் மூன்றில் ஒன்றானது. அதே குழுவினர் 2000-இல் இன்னொன்றும் சொன்னார்கள்: அந்த ஆறு நாளும் 10-க்கும் 17-க்கும் இடையில் முழுதாக அமைந்த பெண்கள் சுமார் 30 சதவீதம் பேர்தான். எல்லோருக்கும் பதினாலு என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஏழு பேருக்குக் கணக்கு ஏதோ ஓர் ஓரத்தில் பிசகும்.

இவரது ஆறு சுழற்சிகளிலும் 14-ஐக் கழித்தேன். முட்டை வெளியான நாள் 19, 22, 20, 24, 21, 20 என்று வந்தது. மூன்று மாதங்களில் ஆப் காட்டிய நாட்களுக்கும் உண்மையான ஆறு நாளுக்கும் சம்பந்தமே இல்லை. மற்ற மூன்றில் ஒன்றிரண்டு நாள் ஓரமாக உரசியது.

இதில் வேடிக்கை, மாமியாரின் கணக்கு. தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து பதினாலாம் நாள் ‘நல்ல நாள்’ என்பது அவர் கட்சி. ஐந்தாம் நாளிலிருந்து பதினாலு என்றால் சுழற்சியின் 18-ஆம் நாள். அது ஆறில் ஐந்து மாதம் சரியான நாட்களுக்குள் விழுந்திருக்கிறது! தற்செயல்தான், 27 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு இதே கணக்கு முழுக்கத் தப்பும். ஆனாலும் அன்று அவர் முகத்தில் வந்த பெருமையை நான் கெடுக்கவில்லை. பூப்புக்குப் (மாதவிடாய்க்குப்) பின் பன்னிரண்டு நாள் தலைவன் தலைவியைப் பிரிந்திருக்கக் கூடாது என்று தொல்காப்பியம் கற்பியலில் சொல்கிறது, பரத்தையிடம் போனவனுக்கும் சேர்த்துத்தான். 28 நாள்காரிக்கு அது நல்ல அறிவுரை. இந்தப் பெண்ணுக்கு அந்தப் பன்னிரண்டு நாள் முடிந்த பிறகுதான் காலமே தொடங்குகிறது.

அடுத்து சிவப்புப் பேனா. ஒவ்வொரு மாதமும் அந்த ஆறு நாளுக்கு நேராகப் படகு எங்கே இருந்தது என்று பார்த்தோம். ஆறு மாதத்தில் ஒரே ஒரு மாதம் கணவர் முழுக்கக் கரையில் இருந்திருக்கிறார்; இன்னொரு மாதம் பாதி. மீதி நான்கிலும் கடலில். பதினான்கு மாத முயற்சி என்று ஃபைலில் எழுதியிருந்தது. நடந்ததை எண்ணினால் இரண்டு மூன்று மாத முயற்சிகூடத் தேறாது. ஒரு வருடம் ஆகியும் தங்கவில்லை என்றால் பரிசோதனைகளைத் தொடங்குகிறோம், 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே. அந்த வருடத்தில் எத்தனை மாதம் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை, சென்னையில் வேலை பார்த்துச் சனிக்கிழமை இரவு பஸ் ஏறி வருவது, சிங்கப்பூரிலிருந்து ஒரு மாத லீவு என்று எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விதவிதமான பதில்கள் உண்டு.

வெள்ளைப்படுதல்

போன வருட மீன்பிடித் தடைக்காலத்தில் கணவர் இரண்டு மாதம் வீட்டில்தானே இருந்தார், அப்போது ஏன் தங்கவில்லை? இதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று மாமியாரை வெளியே உட்காரச் சொன்னேன்.

ஆப் சொன்ன ஆறு நாளும் விடாமல் சேர்ந்திருக்கிறார்கள். அதன்பின் ‘வாய்ப்புக் குறைவு’ என்று வந்ததும் விட்டுவிட்டார்கள். அது மட்டும்தானா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “அந்த சமயத்துல வெள்ளைப்படும் மேடம். நாலஞ்சு நாள் ஈரமாவே இருக்கும். அசிங்கமா இருக்கும்னு கிட்ட விடமாட்டேன். அத்தை உடம்பு உருகிப்போவுதுன்னு சொல்லி மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தாங்க.”

எந்த நாட்களில்? தலைக்கு ஊற்றி இரண்டு வாரம் கழித்து. நிறம் இல்லை, நாற்றம் இல்லை, அரிப்பு இல்லை. வழுவழுப்பாக, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் அறாமல் வருமாம்.

இந்த நோயாளியின் கதை இந்த இடத்தில்தான் இருந்தது. கருமுட்டைப் பை வளரும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது ஏற ஏறக் கருப்பைவாயில் சுரக்கும் திரவம் தெளிந்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழுக்கி நீள்கிறது. விந்தணு அதில் நீந்தி மேலே போகிறது, அதில்தான் உயிரோடு காத்தும் இருக்கிறது. முட்டை வெளியாகிப் புரொஜெஸ்டிரோன் வந்ததும் திரவம் ஒன்றிரண்டு நாளில் கெட்டியாகி வற்றிவிடும். வழுவழுப்பு கடைசியாக இருந்த நாளையொட்டியே முட்டை வெளியாகிறது. ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் தம்பதியின் முறை முழுக்க இந்த ஒரு அடையாளத்தின் மேல்தான் நிற்கிறது. உடம்பு மாதாமாதம் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. வீட்டில் அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளைப்படுதல் எல்லாமே இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தயிர்த் திப்பிகள் மாதிரி வந்து அரித்தால், மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால், நாற்றம் அடித்தால், அடிவயிறு வலித்தால் காட்டியாக வேண்டும். சுழற்சியின் நடுவில் சில நாள் வந்து தானே நின்றுபோகும் தெளிந்த வழுவழுப்புக்கு மருந்து வேண்டாம். இதை அவரிடம் சொல்லிவிட்டு, மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு தரம் சொன்னேன். அவர் சொன்னது: “எங்க காலத்துல இத யாரு சொன்னா?”

திட்டம்

உடல் வெப்பத்தையும் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். முட்டை வெளியான பின் விடியற்கால வெப்பநிலை 0.2 முதல் 0.5 செல்சியஸ் வரை ஏறி அப்படியே நிற்கும். ஆனால் தினமும் ஒரே நேரத்தில், எழுந்திருக்கும் முன்பே பார்க்க வேண்டும். படகு வரும் நாளில் இவர் மூன்று மணிக்கே எழுந்து ஏலத்துக்குப் போகிறவர், மற்ற நாளில் ஆறு மணி. வரைபடம் எதையும் காட்டாது. தவிர, வெப்பம் ஏறும்போது முட்டை ஏற்கெனவே வெளியாகியிருக்கும். விட்டுவிட்டோம்.

காலண்டர் விதி எளிது. கடந்த சுழற்சிகளில் மிகக் குறுகியதிலிருந்து 18-ஐக் கழித்தால் முதல் நாள், மிக நீண்டதிலிருந்து 11-ஐக் கழித்தால் கடைசி நாள். 33-இல் 18 போனால் 15. 38-இல் 11 போனால் 27. ஆக 15 முதல் 27 வரை. பதின்மூன்று நாள் என்பது அகலமான வலை. அதைக் குறுக்குவதற்கு வழுவழுப்பைத் தினமும் கவனிக்க வேண்டும், அது தொடங்கியதும் சிறுநீர் ஸ்ட்ரிப்பை ஆரம்பிக்க வேண்டும். முட்டை வெளியாவதற்கு ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரம் முன்பு எல்எச் ஹார்மோன் திடீரென்று உயரும். ஸ்ட்ரிப்பில் சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கோ அதற்கு மேலோ அடர்ந்தால் அந்த ஏற்றம் வந்துவிட்டது. முதல் சிறுநீர் வேண்டாம், காலை பத்து மணிக்கு மேல், அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல். உண்மையான பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எல்எச் எப்போதும் உயர்ந்தே இருந்து ஸ்ட்ரிப் பொய் சொல்லலாம் என்பதால், இவருக்கு ஒரு மாதம் இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தேன். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் அன்றே தொடங்கினோம்.

உறவு ஒன்றுவிட்டு ஒருநாள் போதும், ‘சேர்த்துவைக்க’ வேண்டாம் என்று கணவரிடம் தனியாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, “அதெல்லாம் சரிங்க, போட்டு எப்ப போவும்னு ஓனர்தான் சொல்வாரு” என்றார். நியாயம்தான்.

நழுவிய இரண்டு மாதம்

பிப்ரவரி 22, சுழற்சியின் 20-ஆம் நாள். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம்: சமையலறைத் திட்டில் வைத்த ஸ்ட்ரிப், இரண்டு கோடும் ஒரே அடர்த்தி. கீழே, ‘அவர் கடல்ல மேடம்’. படகில் வயர்லெஸ் உண்டு, கேட்டிருக்கிறேன். ஊரே கேட்கும் வயர்லெஸ்ஸில் சொல்கிற செய்தியா இது? 24-ஆம் தேதி வந்தார். தாமதம்.

மார்ச் 2, 28-ஆம் நாள், இரத்தம் எடுத்தோம். புரொஜெஸ்டிரோன் 12.4. மூன்றுக்கு மேல் இருந்தாலே முட்டை வெளியாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 10-இல் மாதவிடாய் வந்தது; 35 நாள் சுழற்சி, கணக்கு அச்சாகப் பொருந்தியது. அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, மாமியாரிடம் கொடுத்து, “படிங்க அத்தை” என்றார். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன்.

அடுத்த சுழற்சியில் படகு மார்ச் 23 விடியற்காலை கிளம்பியது, 14-ஆம் நாள். கோடு அடர்ந்தது 28-ஆம் தேதி. முட்டை 29-இல் வெளியாகியிருக்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவுக்கும் அதற்கும் ஏழு நாள் இடைவெளி. விந்தணுவின் ஐந்து நாள் ஆயுள் போதவில்லை, வழுவழுப்பும் அப்போது தொடங்கவில்லை. 30-ஆம் தேதி இரவு படகு வந்தது.

தடைக்காலம்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசாங்கம் போட்டது. ஏப்ரல் 13-இல் அடுத்த மாதவிடாய் வந்தபோது இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கும் இந்த 61 நாளில் இரண்டு தடவைதான் நிச்சயமாகக் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. இவருக்கு ஏப்ரல் 27-ஐ ஒட்டித் தொடங்குவது ஒன்று, ஜூன் தொடக்கத்தில் இன்னொன்று. அதோடு சரி.

முதல் தடவை எல்லாம் சரியாக நடந்தது. 17-ஆம் நாள் வழுவழுப்பு, 21-ஆம் நாள் மே 3-இல் கோடு. மே 19-இல் மாதவிடாய் வந்துவிட்டது. அன்று அழுதுகொண்டே போன் பண்ணினார். சரியான நாளில் சேர்ந்தாலும் ஒரு மாதத்தில் வாய்ப்பு மூன்றில் ஒன்றைத் தாண்டாது, எந்தக் குறையும் இல்லாத தம்பதிக்கும் இப்படித்தான் என்று முன்பே சொல்லியிருந்தேன். சொன்னது காதில் ஏறியிருக்கும், மனசில் ஏறாது. செப்டம்பர் வரை பார்ப்போம், அதற்குள் தங்கவில்லை என்றால் கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கலாம் என்று ஒரு முடிவையும் கையில் கொடுத்தேன். காத்திருக்கச் சொல்லும்போது எதுவரை என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது தடவை ஜூன் 2 முதல் ஒன்றுவிட்டு ஒருநாள். கோடு ஜூன் 7, 20-ஆம் நாள். ஜூன் 14 நள்ளிரவுக்குப் பிறகு படகு கிளம்பியது. 27-ஆம் தேதி வீட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார், இரண்டு கோடு. படம் அனுப்பிவிட்டு, ‘இது எந்த ஸ்ட்ரிப்னு குழப்பிக்காதீங்க மேடம்’ என்று எழுதியிருந்தார்.

இதே கணக்கைத் தள்ளிப்போடப் பயன்படுத்தலாமா

இவருடைய நாத்தனார் கேட்டார்; இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வேண்டாம். ‘சேஃப் டேஸ்’ பார்த்தால் போதுமா என்றார். கரு தரிக்க வேண்டும் என்பவருக்கு நாள் தவறினால் ஒரு மாதம் போகும். வேண்டாம் என்பவருக்கு அப்படியல்ல. 8 முதல் 19 வரை தவிர்க்கச் சொல்லும் நிலைநாள் முறை ஒன்று உண்டு, நம் நாட்டில் மாலா சக்ரா என்ற மணிமாலையோடு அறிமுகப்படுத்தினார்கள். அது 26 முதல் 32 நாளுக்குள் சுழற்சி நிலையாக இருப்பவர்களுக்கு மட்டும். நம் நோயாளி அந்த மாலையை வைத்திருந்தால் 20-ஆம் நாளை ‘பயமில்லை’ என்று எடுத்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கோடு அடர்ந்தது அன்றுதான். குழந்தை பிறந்து பால் கொடுக்கும் மாதங்களிலும் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெளியாகிவிடலாம். நாத்தனாருக்குக் காப்பர்-டி பற்றிச் சொன்னேன்.

பிரசவத் தேதி

ஜூலை 14-இல் முதல் ஸ்கேன். கடைசி மாதவிடாய் மே 19 என்பதால் அன்று சரியாக 8 வாரம். ஸ்கேனில் கருவின் நீளம் சுமார் 10 மில்லிமீட்டர், 7 வாரம் 1 நாள், இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. வெளியே வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “வளர்ச்சி ஆறு நாள் கம்மியாமே?”

கம்மி இல்லை. கடைசி மாதவிடாயிலிருந்து 280 நாள் என்ற பிரசவக் கணக்கும் முட்டை இரண்டு வாரத்தில் வெளியாகும் என்று வைத்துக்கொண்டு போட்டதுதான். இவருக்கு மூன்று வாரம் ஆனது என்பதற்குச் சாட்சியாக ஜூன் 7-இன் ஸ்ட்ரிப் படம் என் போனிலேயே இருக்கிறது. ஒன்பது வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் சொல்லும் தேதியையே எடுத்துக்கொள்வது வழக்கம். மாதவிடாய்க் கணக்கில் பிப்ரவரி 23 என்று வந்த நாள் மார்ச் 1 ஆனது. கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யும்போது தாய் சேய் அட்டையில் இந்தத் தேதியைப் போடச் சொல்லி, ஸ்கேன் தாளையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். இல்லாவிட்டால் கடைசி மாதத்தில் ‘நாள் கடந்துவிட்டது’ என்று ஒரு வாரம் முன்னதாகவே வலி வர மருந்து ஏற்றிவிடுவார்கள்.

கணவர் அடுத்த தடவை கரைக்கு வந்தபோது மார்ச் 1-ஐப் புதுக் காலண்டரில் எழுதி வைக்க முடியாதே, அது இன்னும் அச்சாகவில்லையே என்றார். நடப்புக் காலண்டரின் டிசம்பர் தாளுக்குப் பின்னால் எழுதி வைக்கச் சொன்னேன்.